பூஞ்சை ஏன் உருமாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரி ஒன்றின் மைக்ரோபயாலஜி லேபில் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பது என் வேலை. பாக்டீரியா பாடம் முடியும்வரை அமைதியாக இருக்கும் வகுப்பு, பூஞ்சைக்கு வந்ததும் கேள்வி கேட்கத் தொடங்கிவிடும். “மேடம், காலையில பார்த்தப்ப உருண்டையா இருந்துச்சு, இப்ப வால் முளைச்சிருக்கு. வேற ஸ்லைடா?” என்று ஆண்டுதோறும் ஒருவராவது கேட்பார். வேறு ஸ்லைடு இல்லை, அதே பூஞ்சைதான். அது ஏன், எப்படி என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்கள் இங்கே. வகுப்பில் கேட்டவையும் உண்டு, வயல் வைத்திருக்கும் உறவினர்கள் கேட்டவையும் உண்டு.

ஒரே பூஞ்சைக்கு இரண்டு உருவமா?

ஆமாம். கேண்டிடா ஆல்பிகன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் நாக்கில் மாவு அப்பியது போலப் படிவதும், பெண்களுக்கு அரிப்போடு தயிர்த்திப்பி போல வெள்ளைப்படுவதும் பெரும்பாலும் இதன் வேலை. சாதாரண அகார் தட்டில் வளர்த்தால் ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாக, பக்கத்தில் மொட்டு விட்டுப் பெருகும். இதுதான் ஈஸ்ட் வடிவம். அதே செல்லை இரத்தச் சீரத்தில் (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீர்) போட்டு உடம்புச் சூட்டில் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நீளக் குழாய் ஒன்றை வெளியே நீட்டும். விட்டால் அந்தக் குழாய் நூலாக நீண்டு, குறுக்குச் சுவர் எழுப்பி, கிளை விடும். இதுதான் இழை வடிவம்.

இதற்காக டிஎன்ஏ-வில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. இருக்கிற மரபணுக்களில் எதைத் திறப்பது, எதை மூடுவது என்பது மட்டுமே மாறுகிறது. ‘நான் இப்போது எங்கே இருக்கிறேன்?’ என்ற கேள்விக்குப் பூஞ்சை கண்டுபிடித்துக்கொள்ளும் விடைதான் அதன் உருவம் என்று நான் வகுப்பில் சொல்வேன்.

ஜெர்ம் ட்யூப் டெஸ்டில் உண்மையில் என்ன பார்க்கிறோம்?

கையில் இருக்கும் ஈஸ்ட் ஆல்பிகன்ஸ்தானா என்று கண்டறியும் டெஸ்ட் இது. சிறு கண்ணாடிக் குழாயில் அரை மில்லி சீரம். அதில் ஈஸ்ட் காலனியை, அதாவது தட்டில் வளர்ந்த திட்டை, கம்பி நுனியால் லேசாகத் தொட்டுக் கலக்கி, 37 டிகிரி இன்குபேட்டரில் வைக்கிறோம். இரண்டரை மணி நேரம் கழித்து ஒரு சொட்டு எடுத்து, கவர்ஸ்லிப் மூடி, மைக்ரோஸ்கோப்பின் நாற்பது எக்ஸ் லென்ஸில் பார்க்கிறோம்.

குழாய் முளைத்திருக்கிறதா என்று பார்த்தால் போதாது, அது தாய்ச் செல்லோடு சேருமிடத்தைப் பாருங்கள். அங்கே இடுப்பு இருக்கக்கூடாது. மொச்சைக்கொட்டையிலிருந்து முளை வருவது போல ஒரே சீராக வந்திருந்தால் அதுதான் ஜெர்ம் ட்யூப். இணையுமிடம் பிடித்து இறுக்கியது போல ஒடுங்கியிருந்தால் அது நீண்டுபோன மொட்டு, அதாவது பொய் இழை. கேண்டிடா ட்ராபிகாலிஸ் இப்படித்தான் ஏமாற்றும். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள் என்று புத்தகம் சொல்வதும் இதற்காகத்தான். நேரம் கூடக் கூட மற்ற இனங்களும் எதையாவது நீட்ட ஆரம்பித்துவிடும்.

இந்த டெஸ்டுக்கு வயது அறுபதுக்கு மேல். பூஞ்சை எதைக் கண்டு முளைக்கிறது என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே, முளைக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு லேப்காரர்கள் ஆல்பிகன்ஸைப் பிரித்தறிந்தார்கள். 1995-இல் டப்ளினில் பிரித்தெடுத்துப் பெயரிட்ட கேண்டிடா டப்ளினியென்ஸிஸும் இதில் பாசிட்டிவ் காட்டும் என்பதை ரிப்போர்ட் எழுதும்போது மறந்துவிடாதீர்கள்.

சீரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ஒற்றைப் பொருள் என்று விரல் நீட்ட முடியாது. உடம்புக்குள் இருப்பதற்கான பல அடையாளங்கள் ஒன்றுசேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது சூடு. ஹெச்எஸ்பி90 என்ற புரதம் சாதாரண வெப்பத்தில் உருமாற்றப் பாதையை அமுக்கிப் பிடித்திருக்கிறது. செல் 37 டிகிரிக்குப் போனதும் சூட்டால் நெகிழும் மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் வேலை அதற்குக் கூடிவிடுகிறது. பிடி தளர்கிறது. 2009-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு எனக்குப் பிடித்தமான ஒன்று. பூஞ்சை தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளவில்லை; வேலை மிகுந்துபோன ஒரு புரதத்தின் திண்டாட்டமே தெர்மாமீட்டராகிவிட்டது.

அடுத்தது கார்பன் டை ஆக்சைடு. காற்றில் அது 0.04 சதவீதம்தான். நம் திசுக்களில் ஏறக்குறைய 5 சதவீதம், நூறு மடங்குக்கு மேல். அது பைகார்பனேட்டாக மாறிப் பூஞ்சையின் அடினைலில் சைக்ளேஸ் நொதியை நேரடியாகத் தூண்டுகிறது. அப்புறம் அமிலத்தன்மை: சூழல் புளிப்பாக இருந்தால் ஈஸ்ட், நடுநிலைக்கு வந்தால் இழை. இதைச் சொல்வது ரிம்101 என்ற தனிப் பாதை.

என்-அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற சர்க்கரையும் தூண்டும். சீரத்தில் மிதக்கும் பாக்டீரியா செல்சுவரின் துணுக்குகளும் தூண்டும். அந்தத் துணுக்குகள் மேற்சொன்ன அதே நொதியின் மீது ஒட்டி அதை முடுக்குகின்றன என்று 2008-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் குடலில் வாழும் பாக்டீரியா உதிர்த்த துண்டு இரத்தத்தில் கலக்கிறது, அதைப் படித்துப் பூஞ்சை தன் இடத்தை அறிகிறது. சீரத்தை வெறும் சத்துநீராக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு அந்தக் குழாயைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

வெளியே இருக்கும் செய்தி உள்ளே மரபணுவரை எப்படிப் போகிறது?

தேர்வுக்குப் படிப்பவர்கள் பயப்படும் இடம் இது. பெயர்களை ஒதுக்கிவிட்டு நடப்பதைப் பாருங்கள். ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்திருப்பதை ஒருவர் பார்க்கிறார். பக்கத்து வீட்டில் சொல்கிறார், அவர்கள் நான்கு வீட்டில் சொல்கிறார்கள், அரை மணி நேரத்தில் தெருவே பையோடு நிற்கிறது. பாமாயில் டின்னைத் தூக்கிக்கொண்டு யாரும் வீடு வீடாகப் போகவில்லை, செய்திதான் போனது. போகப் போகப் பெருகவும் செய்தது.

செல்லிலும் அப்படித்தான். சவ்வை ஒட்டியிருக்கும் ராஸ்1 புரதம் முதலில் விழிக்கிறது. அது சிஒய்ஆர்1 என்ற அடினைலில் சைக்ளேஸை எழுப்புகிறது. முன் பதிலில் வந்த நொதி இதுதான். பைகார்பனேட்டும் பாக்டீரியாத் துணுக்கும் ராஸுக்குக் காத்திராமல் நேரே இதனிடமே வந்துவிடும். சிஒய்ஆர்1, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யைக் கொண்டு சைக்ளிக் ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறுகளைச் செய்து தள்ளுகிறது. தெருவில் பரவும் செய்தி என்று சொன்னேனே, அது இந்த மூலக்கூறுதான். அது பிகேஏ என்ற கைனேஸைப் பூட்டிலிருந்து விடுவிக்கிறது. பிகேஏ மற்றப் புரதங்கள் மீது பாஸ்பேட்டை ஒட்டி வைக்கிறது. அப்படி ஒட்டு வாங்கும் ஈஎஃப்ஜி1 என்ற புரதம் டிஎன்ஏ-வில் உட்கார்ந்து இழைக்கான மரபணுக்களைத் திறக்கிறது.

சிஒய்ஆர்1 மரபணுவை நீக்கினால் செல் சாவதில்லை. மெதுவாக, ஈஸ்டாகவே வாழ்கிறது. சீரத்தில் போட்டாலும் குழாய் நீட்டாது. எல்லாப் பாதையும் வந்து கூடும் சந்திப்பு அது என்று இதிலிருந்து தெரிகிறது.

பக்கத்திலேயே இன்னொரு பாதையும் ஓடுகிறது: ஒரு கைனேஸ் அடுத்த கைனேஸைத் தட்டி எழுப்பும் மேப் கைனேஸ் தொடர். அதன் கடைசியில் இருப்பது சிபிஹெச்1. ரொட்டி ஈஸ்டில் இதே தொடர் இணை தேடப் பயன்படுகிறது. எதிர்ப்பாலின ஈஸ்ட் வீசும் வேதிப்பொருளை நுகர்ந்து அதை நோக்கி நீள்வதற்கான பாதை அது. துணையை நோக்கி நீளும் அதே பழைய கருவியைத் திருப்பிப் பிடித்து நம் திசுவை நோக்கி நீளப் பயன்படுத்திக்கொண்டது கேண்டிடா.

சரி, மரபணு திறந்தது. அது எப்படி வடிவம் ஆகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் சரியான கேள்வி. பூஞ்சை செல்லைச் சுற்றி கைட்டினும் குளுக்கனும் கொண்ட கெட்டிச் சுவர் இருக்கிறது. செங்கல் லாரி எங்கே கொட்டுகிறதோ அங்கேதான் சுவர் எழும்பும். சுற்றிலும் சமமாகக் கொட்டினால் செல் உருண்டையாகும். ஒரே முனையில் விடாமல் கொட்டினால் குழாயாகும்.

எங்கே கொட்டுவது என்று இடம் காட்டுவது சிடிசி42 என்ற புரதம். ஈஸ்டில் அது மொட்டின் நுனியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்துவிடும், மொட்டும் உருண்டையாக உப்பிவிடும். இழையில் அது நுனியை விட்டு நகர்வதே இல்லை. அதை அங்கேயே நிறுத்தி வைப்பதில் ஹெச்ஜிசி1 என்ற சைக்ளின் வகைப் புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஈஎஃப்ஜி1 திறந்துவிடும் மரபணுக்களில் அதுவும் ஒன்று. சுவர்ப்பொருள் சுமந்த பைகள், செல்லுக்குள் தண்டவாளம் போல ஓடும் ஆக்டின் புரத நூல்கள் வழியே ஓயாமல் நுனிக்கு வந்து குவிகின்றன. நல்ல மைக்ரோஸ்கோப்பில் அந்தக் குவியலே நுனியில் ஒரு கரும்புள்ளியாகத் தெரியும்.

கம்பி நிறைய எடுத்துக் கலந்தேன், முளைக்கவே இல்லை. பூஞ்சை செத்துவிட்டதா?

சாகவில்லை. நீங்கள் கூட்டம் சேர்த்துவிட்டீர்கள். ஒருமுறை, ஆல்பிகன்ஸ் என்று முன்பே உறுதியான கல்ச்சரைக் கொடுத்தும் ஒரு மாணவிக்கு மட்டும் நெகட்டிவ் வந்தது. அவர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நீர்மோர் போலக் கலங்கியிருந்தது. காலனியை வழித்தெடுத்துப் போட்டிருந்தார். புதுக் குழாயில் தொட்டும் தொடாமலும் கலக்கச் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குள் முளைத்துவிட்டது.

கேண்டிடா செல்கள் ஃபார்னசால் என்ற பொருளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. செல் எண்ணிக்கை கூடினால் அதன் அளவும் கூடும். அது சிஒய்ஆர்1-ஐ அடக்குகிறது. மில்லிக்குப் பத்து லட்சம் செல்லைத் தாண்டினால் பெரும்பாலும் ஈஸ்டாகவே இருந்துவிடுகின்றன. ஃபார்னசால்தான் அந்தக் கூட்டச் செய்தி என்பது 2001-இல் வெளியானது. பாக்டீரியாவில் மட்டும் தெரிந்திருந்த ‘ஆள் எண்ணிக்கை பார்த்து முடிவெடுக்கும்’ பழக்கம் பூஞ்சையிலும் உண்டு என்பதற்கு முதல் சான்று அதுதான். ஆனால் சீரத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் ஃபார்னசாலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே நம் குழாயில் நடந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். நெருக்கடியில் சத்தும் ஆக்சிஜனும் குறைவதும் சேர்ந்திருக்கும்.

கூட்டம் கலைந்து, புதிய ஊட்டத்தில் இடம் கிடைத்ததும் ஃபார்னசால் நீர்த்துப்போகிறது. இழை மரபணுக்களை மூடி வைத்திருக்கும் என்ஆர்ஜி1 என்ற காவல் புரதம் மறைகிறது. உருமாற்றத்துக்கு முடுக்கி மட்டும் போதாது, பிரேக்கையும் எடுக்க வேண்டும்.

இழையானால்தான் நோயா? ஈஸ்டாக இருந்தால் ஆபத்தில்லையா?

பல ஆண்டுகள் நடந்த சண்டை இது. 1997-இல் அமெரிக்க மரபியலாளர் ஜெரால்ட் ஃபிங்க் குழுவினர் ஈஎஃப்ஜி1, சிபிஹெச்1 இரண்டையும் நீக்கிய கேண்டிடாவை எலிகளின் இரத்தத்தில் செலுத்தினார்கள். இழையாக முடியாத அந்தப் பூஞ்சை எலிகளைக் கொல்லவில்லை. முடிந்தது வழக்கு என்று பலர் நினைத்தார்கள். ஆனால் ஈஎஃப்ஜி1 உருவத்தை மட்டுமா கவனிக்கிறது? ஒட்டும் புரதங்கள், வளர்சிதை மாற்றம் என்று பலவற்றிலும் அதற்குக் கை இருக்கிறது. எலி பிழைத்தது உருவம் போனதாலா, மற்றவை கெட்டதாலா?

2003-இல் வந்த சோதனை இன்னும் நேர்த்தியானது. மேலே சொன்ன என்ஆர்ஜி1 பிரேக்கை டாக்ஸிசைக்ளின் மருந்தால் இயக்கும்படி ஒரு கேண்டிடாவைச் செய்தார்கள். மருந்து இல்லையென்றால் பிரேக் அழுத்தியபடியே இருக்கும், பூஞ்சை ஈஸ்டாக இருக்கும். எலி குடிக்கும் தண்ணீரில் மருந்தைக் கலந்தால் பிரேக் விடுபட்டு இழையாகும். ஈஸ்டாகவே இருந்த எலிகளின் உறுப்புகளில் பூஞ்சை ஏராளம் இருந்தது, ஆனாலும் எலிகள் உயிரோடு இருந்தன. மருந்துத் தண்ணீர் குடித்த எலிகள் இறந்தன. பூஞ்சையின் எண்ணிக்கையைவிட அது எடுத்த வடிவம் கொன்றது.

எப்படிக் கொல்கிறது என்பதில் ஒரு பெரிய துண்டு 2016-இல் கிடைத்தது. இழையாகும்போது மட்டும் திறக்கும் ஈசிஈ1 மரபணுவிலிருந்து கேண்டிடாலைசின் என்ற குட்டிப் பெப்டைடு வருகிறது. 31 அமினோ அமிலம்தான். அது நம் தோலடுக்குச் செல்லின் சவ்வில் ஓட்டை போடுகிறது. அதை நீக்கிய கேண்டிடா அழகாக இழை விடும், ஆனால் சேதம் செய்யாது. ஆகவே இழை என்பது வெறும் ஊசி இல்லை, விஷம் கொண்டுபோகும் ஊசி.

விழுங்கிய வெள்ளணுவுக்குள்ளேயே இழை விட்டு அதைக் கிழித்துக்கொண்டு வெளியேறுவதும் உண்டு. ஈஸ்ட் வடிவத்துக்கும் அதன் வேலை இருக்கிறது. இரத்தத்தில் மிதந்து ஓர் உறுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போக உருண்டைதான் வசதி.

அப்படியென்றால் கேண்டிடா ஆரிஸ்?

நல்ல அடி. 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பிரித்துப் பெயரிட்ட இந்த இனம், இந்திய ஐசியூக்கள் உட்பட உலகெங்கும் தலைவலியாகிவிட்டது. ஆல்பிகன்ஸ் போல அது சீரத்தில் இழை விடுவதில்லை, ஜெர்ம் ட்யூப் நெகட்டிவ். கேண்டிடா கிளாப்ரேட்டாவும் ஈஸ்டாகவே இருந்துகொண்டு நோய் தரும். தோலிலும் கதீட்டரிலும் ஒட்டிக்கொள்வது, மருந்துக்கு அடங்காமை என்று இவற்றின் பலம் வேறு. மேலே சொன்ன கதை ஆல்பிகன்ஸின் கதை. எல்லாப் பூஞ்சைக்கும் போர்த்திவிடாதீர்கள்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டால், இன்ஹேலர் பயன்படுத்தினால் வாயில் வெண்படலம் வருவது ஏன்?

நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் கேண்டிடா சத்தமில்லாமல் குடியிருக்கிறது. பக்கத்து வீட்டு பாக்டீரியா இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்வதோடு, அமிலங்களைச் சுரந்து இழையாவதையும் தடுக்கிறது. ஆன்டிபயாடிக் அந்த அண்டை வீட்டாரைக் காலி செய்துவிடுகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலரோ வாயின் உள்பக்கம் எதிர்ப்பைக் குறைக்கிறது. இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்வது இதனால்தான்.

ஹிஸ்டோபிளாஸ்மா நேர்மாறாக அல்லவா நடக்கிறது?

ஆமாம், தேர்வில் பாதிப் பேர் விழும் குழி. ஹிஸ்டோபிளாஸ்மா நுரையீரலைத் தாக்கும் ஒரு பூஞ்சை. பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் அது இழை. மூச்சோடு நுரையீரலுக்குள் போனதும் ஈஸ்ட். வெள்ளணுவுக்குள் ஒளிந்து வாழ அதற்குச் சின்ன உருண்டை வசதி. டிஆர்கே1 என்ற ஹிஸ்டிடின் கைனேஸ் இல்லாவிட்டால் சூட்டிலும் இழையாகவே நின்றுவிடுகிறது, நோய் தரும் திறனும் போகிறது என்று 2006-இல் காட்டினார்கள். இந்தக் கைனேஸ் வகை மனித செல்லில் இல்லை, அதனால் மருந்து தேடுபவர்களுக்கு இதில் தனி ஆசை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பனாமா கால்வாய் தோண்டிய காலத்தில் சாமுவேல் டார்லிங் என்ற அமெரிக்க மருத்துவர் இதை ஒரு சவப்பரிசோதனையில் பார்த்து, புரோட்டோசோவா என்றும் உறை உடையது என்றும் நினைத்து ஹிஸ்டோபிளாஸ்மா கேப்சுலேட்டம் என்று பெயரிட்டார். அது புரோட்டோசோவாவும் இல்லை, அதற்கு உறையும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நெல்லில் வரும் குலைநோய்க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இதைக் கேட்டவர் என் சித்தப்பா. தஞ்சாவூர்ப் பக்கம் நான்கு மா நிலம் வைத்திருப்பவர். சம்பந்தம் உண்டு என்பது சின்ன பதில். குலைநோயைத் தருவதும் ஒரு பூஞ்சைதான்; உருவத்தால் நோய் செய்வதில் அதை விஞ்ச ஆளில்லை. தஞ்சை டெல்டாவுக்கும் அதற்கும் பழைய பகை: இந்தியாவில் பதிவான முதல் பெரிய குலைநோய்ப் பேரழிவு 1919-இல் அங்கேதான்.

பின்பனி இறங்கும் இரவொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று அறை கொண்ட பூஞ்சை வித்து (ஸ்போர்) ஒன்று, பேரிக்காய் வடிவில், பறந்து வந்து நெல் இலையில் விழுகிறது. பனித்துளி பட்டதும் நுனியிலிருந்து பசை வெளியேறி இலையில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மணி நேரத்தில் ஒரு குழாய் நீட்டுகிறது. அந்தக் குழாயின் நுனி கொக்கி போல வளைந்து தரையைத் தடவிப் பார்க்கிறது. தரை கெட்டியாக இருக்கிறதா? தண்ணீர் ஒட்டாத மெழுகுப் பரப்பா? இலைத்தோலின் கொழுப்பு மூலக்கூறு தட்டுப்படுகிறதா? விடை ஆம் என்றால் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி கூடுகிறது. நம் கேண்டிடாவில் பார்த்த அதே மூலக்கூறு. நுனி நீள்வதை நிறுத்திவிட்டு உப்ப ஆரம்பிக்கிறது. மாவிலிருந்து பூரி எழும்புவது போல ஒரு சிறு குமிழ். அதன் பெயர் அப்ரஸோரியம்.

இந்தத் தடவிப் பார்த்தலை ஏமாற்றிவிட முடியும். நெல்லே வேண்டாம், தண்ணீர் ஒட்டாத பிளாஸ்டிக் கவர்ஸ்லிப்பில் வித்தை விட்டாலும் குமிழ் கட்டிவிடும். தண்ணீர் பரவும் பரப்பில் கட்டாது. ஆனால் அங்கேயும் சைக்ளிக் ஏஎம்பி-யைச் சொட்டுவிட்டால் கட்டிவிடும். பூஞ்சை பார்ப்பது இலையை அல்ல, இலைக்கான அடையாளத்தைத்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

குமிழ் கட்டியதும் வித்தில் இருந்த சரக்கெல்லாம் அதற்குள் இறங்குகிறது. வித்தின் மூன்று அறைகளும் தம்மைத் தாமே செரித்துக்கொண்டு சாகின்றன. குமிழின் சுவரில் மெலனின் என்ற கருநிறப் பொருளைப் பூசி இறுக்கிக்கொள்கிறது. உள்ளே கிளிசரால் குவிகிறது, தண்ணீரை இழுக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. 1991-இல் அளந்து பார்த்தபோது 8 மெகாபாஸ்கல், அதாவது காற்றழுத்தத்தைப்போல் 80 மடங்கு. கார் டயரில் இருப்பதைப்போல் முப்பது நாற்பது மடங்கு அழுத்தம், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத குமிழுக்குள். அந்த வேகத்தில் அடியிலிருந்து ஓர் ஆணி இறங்கி இலைத்தோலைத் துளைக்கிறது.

குமிழ் கட்டச் சொல்லும் மேப் கைனேஸின் பெயர் பிஎம்கே1. அது இல்லாத பூஞ்சை குமிழ் கட்டாது என்பது 1996-இல் தெரிந்தது. அதோடு, கீறி விட்ட இலைக்குள் நேராகப் போட்டாலும் அதனால் பரவ முடியவில்லை. ஏன் என்பது 2018-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் நிக் டால்பட் குழுவின் ஆய்வில் விளங்கியது. இலைக்குள் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போக, செல்களுக்கிடையே இருக்கும் ஊசித்துவாரங்களில் பூஞ்சை தன்னை ஒடுக்கிக்கொண்டு நுழைய வேண்டும். பிஎம்கே1-ஐ மருந்தால் நிறுத்தினால் முதல் செல்லிலேயே மாட்டிக்கொள்கிறது. உள்ளே நுழைய உப்புவதும், நுழைந்த பின் ஒடுங்குவதும் ஒரே கைனேஸின் கட்டளை.

சித்தப்பாவின் அடுத்த கேள்வி மருந்து பற்றியது. குலைநோய்க்கு அடிக்கும் ட்ரைசைக்ளசோல் இந்தப் பூஞ்சையைக் கொல்வதில்லை. மெலனின் செய்வதைத் தடுக்கிறது. மெலனின் பூச்சு இல்லாத குமிழில் கிளிசரால் கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது, ஆணி இறங்காது. அதனால் நுழைவதற்கு முன் இலையில் இருந்தால்தான் அதனால் முழுப் பலன். இலையெல்லாம் கண் வடிவப் புள்ளி வந்த பிறகு அடிப்பது, திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு கதவைப் பூட்டுவது. புதிதாக வரும் இலைகளையாவது காக்கும், அவ்வளவுதான். யூரியாவை அள்ளிப் போட்டால் நோய் கூடும் என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டாரா என்பது வேறு விஷயம்.

2021-இல் பேசப்பட்ட கறுப்புப் பூஞ்சை?

கறுப்பு, பூஞ்சையின் நிறமில்லை; இரத்த ஓட்டம் அடைபட்டு இறந்த திசுவின் நிறம். அப்போது பெரும்பாலும் கண்டது ரைஸோபஸ் இனங்கள், அவை இழையாகவே திசுவில் வளர்பவை. அதன் உறவான மியூக்கர் சர்சினெல்லாய்டஸ் ஈஸ்டாகவும் இழையாகவும் மாறும். இழையாவதற்கு அதற்குக் கால்சினியூரின் என்ற நொதி வேண்டும். எஃப்கே506 என்ற மருந்தால் அதை அடைத்தால் ஈஸ்டாகவே நின்றுவிடுகிறது, நோய் தரும் திறனும் குறைகிறது.

அப்படியானால் அந்த மருந்தையே கொடுத்துவிடலாமே?

எஃப்கே506-இன் மறுபெயர் டாக்ரோலிமஸ். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் தினமும் விழுங்குகிற, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை. நம் வெள்ளணுக்களும் அதே கால்சினியூரினை நம்பித்தான் இயங்குகின்றன. பூஞ்சையின் கையைக் கட்டப் போய் நம் காவல்காரரின் கையையும் கட்டிவிடுவோம். பிகேஏ, ஹெச்எஸ்பி90 எல்லாவற்றுக்கும் இதே சிக்கல். பூஞ்சையும் நாமும் பரிணாமத்தில் நெருங்கிய சொந்தம் என்பதால் செய்திப் பாதைகளும் ஒரே அச்சில் வார்த்தவை.

உருமாற்றத்தை மட்டும் தடுக்கும் மாத்திரை என்று மருத்துவர் எழுதித்தரும் நிலையில் இன்று எதுவும் இல்லை. இருப்பவை சவ்வையோ சுவரையோ தாக்குபவை: ஃப்ளூகோனசோல், ஆம்ஃபோடெரிசின் பி, எக்கினோகேண்டின்கள். ஆனால் அந்த 2003 எலிகளை நினைத்துப் பாருங்கள். உடம்பு நிறையப் பூஞ்சையோடு உயிரோடு இருந்தன. அதனால்தான் பலர் இந்த யோசனையைக் கைவிடவில்லை. பூஞ்சைக்கும் மனிதனுக்கும் பாதைகள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே தேடுகிறார்கள். நெல் வயலில் ட்ரைசைக்ளசோல் அதைச் செய்துகாட்டியது எப்படி? மெலனின் பாதை நெல்லுக்குத் தேவையில்லை.

கலை அறிவியல் கல்லூரி லேபில் இதைச் செய்துபார்க்கலாமா?

கேண்டிடா இரண்டாம் பாதுகாப்பு நிலைக் கிருமி. கையுறை, பாதுகாப்புப் பெட்டி, ஆட்டோக்ளேவ் இருக்கிற இடத்தில், பொறுப்பானவர் கூட நின்றால் செய்யலாம். வீட்டில் வேண்டாம். சீரம் யாருடைய கையிலிருந்தும் எடுக்காதீர்கள், விலைக்குக் கிடைக்கும் கன்றின் சீரமே போதும். பக்கத்தில் இன்னொரு குழாயில் ட்ராபிகாலிஸ் வைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் எப்படி இருக்கும் என்று பார்க்காதவருக்குப் பாசிட்டிவ் தெரியாது. இன்குபேட்டரில் வைத்த நேரத்தைக் குழாயின் மேலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். இரண்டு மணி, இரண்டரை, மூன்று என்று மூன்று முறை எடுத்துப் பாருங்கள். முதல் சொட்டில் சிறு குமிழாகத் தொடங்கிய அதே காலனி, மூன்றாவது சொட்டில் செல்லின் அகலத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு நீளத்துக்கு வால் விட்டிருக்கும்.